ஆட்டைக் கட்டிக்கொண்டு ஆற்றில் ஒரு மனிதன்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்கு அருகே எங்கள் ஊர் வாயனசாலையில் (நூலகத்தில்) சனிக்கிழமை இரவு ஓர் ஆவணப்படம் போட்டார்கள். சோவியத் ஆர்மீனியாவின் மலை மேய்ப்பர்களைப் பற்றி ஆர்த்தவாஸ்த் பெலேஷ்யன் 1975இல் எடுத்த 'பருவங்கள்'. கறுப்பு வெள்ளை. அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. எனக்கு நான்கு கறவை மாடுகள். விடிகாலை ஐந்தரைக்கு சொசைட்டியில் பால் ஊற்றியாக வேண்டும். நீளம் குறைவு என்பதே என் முதல் பாராட்டு.

வசனம் கிடையாது. மலையாளத்திலும் தமிழிலும் விளக்கம் சொல்ல ஒருவர் தயாராக நின்றார். அவருக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

வெள்ளம் சுழித்து ஓடும் ஆறு. ஒரு மேய்ப்பன் ஆட்டை ஒரு கையால் அணைத்தபடி அடித்துச் செல்லப்படுகிறான், ஆனாலும் விடவில்லை. "அண்ணே, ஓட்டினால் போகாதா, ஏன் சுமக்கிறார்கள்?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். வெள்ளத்தில் ஆட்டை எப்படி ஓட்டுவது! பனிச்சரிவிலும் ஆட்டை மடியில் இறுக்கிக்கொண்டு சறுக்குகிறார்கள். காய்ந்த புல் போரைச் செங்குத்தான சரிவில் இழுத்து வரும் காட்சிதான் என்னை உலுக்கியது. மனிதன் முன்னே ஓடுகிறான், போர் பின்னே துரத்துகிறது. கால் இடறினால் அதன் அடியில்தான். தமிழ்நாட்டு எல்லைக் கோபாலபுரம் வழியாக வரும் வைக்கோல் லாரியில் பாரம் இறக்கியவன் நான். பார்க்கும்போதே கழுத்து அரித்தது.

இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் வயலின் இசை சில இடங்களில் தூக்கலாக இருக்கிறது. ஆட்டின் கத்தலையும் தண்ணீரின் இரைச்சலையும் இன்னும் கேட்க விட்டிருக்கலாம்.

பெரிய குறை வேறு. பால் கறப்பது இல்லை, சாணி அள்ளுவது இல்லை, கூலிக் கணக்கு இல்லை. சோவியத் கூட்டுப்பண்ணைகளில் 1966 வரை கூலியை 'உழைப்பு நாள்' என்ற அளவில்தான் எழுதினார்கள்; எழுதிய நாளுக்கு என்ன கிடைக்கும் என்பது பண்ணையில் மிஞ்சுவதைப் பொறுத்தது. அதன் பிறகுதான் உறுதியான சம்பளம். வீட்டுக்கென்று ஒரு பசுவும் சில ஆடுகளும் வைத்துக்கொள்ள அனுமதி இருந்தது. ஆற்றில் அவன் கட்டிப்பிடித்திருக்கும் ஆடு சொந்த ஆடா, பண்ணை ஆடா? படம் சொல்வதில்லை. பாலில் கொழுப்பு அளவு குறைந்தால் சொசைட்டி ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

ஆனாலும் இரண்டாவது முறை போடச் சொல்லிப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இருபது நாள் கன்றை அணைத்துத் தூக்கித் தொழுவ வாசல்வரை நடந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. மறுநாள் பால் கேனை மகன்தான் கொண்டுபோனான்.