ஜிம் ட்ரெட்மில்லா, தண்ணீர்மலை கார்டனா?

பினாங்குல ரெண்டு வருஷமா ரெண்டையும் மாத்தி மாத்தி செஞ்சு பாத்துட்டேன். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில ஷிஃப்ட் வேல, அதனால சில வாரம் ஏர்கோன் ஜிம்ல ட்ரெட்மில், சில வாரம் காலைல தண்ணீர்மலை பொட்டானிக் கார்டன்.

உடம்பு மட்டும் பாத்தா ஜிம் ஒண்ணும் மட்டம் இல்ல. வேகம், ஏத்தம் எல்லாம் நம்ம கையில, மழை, புகைமூட்டம் தொல்லை இல்ல. வெளிய நம்ம ஊரு புழுக்கத்துல வேர்வை காயாது, காயலன்னா உடம்புச் சூடு இறங்காது, அதே நடைக்கு இதயம் இன்னும் வேகமா அடிக்கும், அதனால விடிஞ்ச கையோட போயிடணும். கார்டன்லேர்ந்து பினாங்கு ஹில்லுக்கு ஏறற ஜீப் ரோடு கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர், நல்ல செங்குத்து. ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனா இறங்கும்போதுதான் முட்டிக்கு அடி, முட்டி வலி உள்ளவங்க மேலேர்ந்து ட்ரெயின் புடிச்சிடுங்க, அது ஆயர் ஈத்தாம் பக்கம்தான் இறக்கி விடும்.

மனசுன்னு வந்தா கார்டன்தான், எனக்கு இதுல சந்தேகமே இல்ல. அம்மா தவறின வருஷம் ட்ரெட்மில்ல சுவத்த பாத்து ஓடறப்போ ஆஸ்பத்திரியில நடந்ததையே மனசு திரும்பத் திரும்ப அரைச்சிட்டு இருக்கும். கார்டன்ல குரங்கு குறுக்க ஓடும், ஓடைத் தண்ணி சத்தம் கேக்கும், கண்ணும் காதும் வெளிய போயிடும், அரைக்கறது தானா நிக்கும். 2015ல ஸ்டான்ஃபோர்டு ஆளுங்க இதத்தான் சோதிச்சாங்க, 90 நிமிஷம் மரஞ்செடி பக்கம் நடந்தவங்களுக்கு இந்த அரைப்பு குறைஞ்சுச்சு, அப்படி யோசிக்கறப்போ வேல செய்யற மூளைப் பகுதியும் அடங்குச்சு, வண்டி ஓடற ரோட்டோரம் நடந்தவங்களுக்கு அந்த மாற்றம் இல்ல. எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தோட 2010 அலசல்ல, பசுமையான இடத்துல உடற்பயிற்சி செஞ்சவங்க மனசுக்கு முதல் 5 நிமிஷத்துலயே பெரிய பலன் தெரிஞ்சுச்சு, ஷிஃப்ட்டு முடிஞ்சு வர்ற நமக்கு அது பெரிய விஷயம்.

2011ல, கட்டடத்துக்குள்ள செய்யற உடற்பயிற்சியையும் வெளிய செய்யறதையும் ஒப்பிட்ட 11 ஆய்வுகள, மொத்தம் 833 பேரு, ஒண்ணா சேத்து பாத்தாங்க. வெளிய செஞ்சவங்களுக்கு தெம்பு கூடுச்சு, கோபமும் டென்ஷனும் குறைஞ்சுச்சு, திரும்ப செய்யற ஆசையும் கூட இருந்துச்சு.

அந்த கடைசி விஷயத்த எங்க அத்தைகிட்ட கண்ணால பாக்கறேன், ஜிம்முக்கு மாசக் காசு கட்டிட்டு நாலே தடவதான் போனாங்க, இப்ப வாரத்துக்கு மூணு நாள் கார்டனுக்குப் போக அவங்கதான் என்ன எழுப்புறாங்க.