சிக்னல் பெட்டி சொன்ன சொல் தவறாததா? ஆர்எஸ்எம்பி வேலிடேட்டர்: ஒரு மதிப்புரை

சாலைச் சந்திப்பின் ஓரத்தில் நிற்கும் சிக்னல் கட்டுப்பாட்டுப் பெட்டியை ஒரு நிறுவனம் செய்கிறது. அதைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் மைய மென்பொருளை வேறொரு நிறுவனம் எழுதுகிறது. இரண்டுக்கும் பொதுமொழி இல்லாவிட்டால், முதலில் பெட்டி விற்றவரிடமே காலமெல்லாம் மென்பொருளும் வாங்க வேண்டிய நிலைக்கு நகராட்சி தள்ளப்படும். இந்தச் சிக்கலுக்காக ஸ்வீடனின் சாலைத் துறை தொடங்கி, இன்று நார்டிக் நாடுகளின் அமைப்புகள் கூட்டாகப் பேணிவரும் தகவல் தொடர்பு நெறிமுறைதான் ஆர்எஸ்எம்பி. ஆனால், விற்பனைக் குறிப்பேட்டில் 'ஆர்எஸ்எம்பி உண்டு' என்று அச்சிடுவது எளிது. அது எந்த அளவுக்கு உண்மை என்று பார்ப்பதற்காக அதே கூட்டமைப்பு வெளியிட்டிருக்கும் ஆர்எஸ்எம்பி வேலிடேட்டர் என்ற கட்டணமற்ற திறமூல மென்பொருளைப் பட்டறையில் வைத்துப் பயன்படுத்திய அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

கருவி செயல்படும் விதம் எளிமையானது. அது தன்னை மேற்பார்வை மைய மென்பொருளாகக் காட்டிக்கொண்டு 12111 என்ற போர்ட்டில் (கணினியின் இணைப்பு வாயில் எண்ணில்) காத்திருக்கும். நெறிமுறையின்படி பெட்டிதான் முன்வந்து இணைய வேண்டும். இரு தரப்பும் தாம் அறிந்த பதிப்பு எண்களைச் சொல்லிக்கொள்வதும், இணைப்பு உயிரோடு இருப்பதைக் காட்ட இடையிடையே அனுப்பப்படும் வாட்ச்டாக் செய்திகளைப் பரிமாறுவதும், அதன்பின் பெட்டி தன் ஒட்டுமொத்த நிலையை அனுப்புவதும் குறிப்பிட்ட வரிசையில் நடந்தாக வேண்டும். செய்திகள் எல்லாம் டிசிபி என்ற வழக்கமான இணைய இணைப்பின் வழியே செல்லும், மனிதர் படிக்கக்கூடிய ஜேசான் வடிவ உரைகள் என்பதால், பிழை நேர்ந்தால் பதிவைத் திறந்து கண்ணாலேயே படித்துவிடலாம். பழைய இரும வடிவ நெறிமுறைகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்த ஒன்றே பெரிய நிம்மதி.

நிறுவுவது அவ்வளவு நிம்மதியாக இல்லை. கருவி ரூபி என்ற நிரல்மொழியில், ஆர்ஸ்பெக் என்னும் சோதனைச் சட்டகத்தின் மேல் எழுதப்பட்டது. சிக்னல் துறையில் இருபது ஆண்டு பழகியும் ரூபியைத் தொட்டிராத பொறியாளருக்கு முதல் நாள் முழுவதும் அதிலேயே கழியும். அதற்கு மேல், பெட்டியின் சிக்னல் குழுக்கள் (ஒன்றாக நிறம் மாறும் விளக்குத் தொகுதிகள்), உணர்கருவிகள், நேரத் திட்டங்கள், கடவுச்சொல் போன்ற பாதுகாப்புக் குறியீடுகள், பெட்டியின் பதிலுக்காகக் கருவி காத்திருக்கும் நேரங்கள் ஆகியவற்றை யாமல் என்ற உரை வடிவிலான அமைவுக் கோப்பு ஒன்றில் நாமே நிரப்ப வேண்டும். இங்குதான் கவனம் தேவை. காத்திருப்பு நேரத்தைத் தாராளமாக உயர்த்திவிட்டால் மந்தமான பெட்டியும் தேறிவிடும். தவறாகக் குறைத்துவிட்டால் நல்ல பெட்டியும் தோற்கும்.

சோதனைகளில் என்னை மிகவும் கவர்ந்தவை, பெட்டியின் சொல்லையும் செயலையும் ஒப்பிடுபவை. எம்0001 கட்டளையால் பெட்டியை மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரியும் நிலைக்கு மாற்றச் சொல்லிவிட்டு, கட்டளை ஏற்கப்பட்டது என்ற பதிலோடு கருவி திருப்தி அடைவதில்லை. எஸ்0001 நிலைத் தகவலைத் தொடர்ந்து அனுப்பும்படி பெட்டியிடம் கேட்டு, ஒவ்வொரு சிக்னல் குழுவையும் குறிக்கும் எழுத்துகள் அனைத்தும் உரிய நிலைக்கு வந்துவிட்டனவா என்று காத்திருந்து பார்க்கிறது. மீண்டும் இயல்பு நிலைக்குத் திருப்பும்போது, அமைவுக் கோப்பில் சொன்ன தொடக்க வரிசையைக் குழுக்கள் பிசகாமல் கடக்கின்றனவா என்றும் கவனிக்கிறது. (சாலையில் வாகனங்கள் ஓடிக்கொண்டிருக்கும் சந்திப்பில் இதை இயக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, விளக்குகளை அடியோடு அணைக்கும் சோதனையும் இதில் இருக்கிறது.)

கடிகாரச் சோதனை இன்னும் கூர்மையானது. பெட்டியின் நேரத்தை எம்0104 கட்டளையால் வேறொரு நாளுக்கு மாற்றிவிட்டு, அதன்பின் வரும் நிலைத் தகவல், அலாரம், வாட்ச்டாக் ஆகியவற்றின் நேர முத்திரைகள் எல்லாம் புதிய நேரத்தைப் பின்பற்றுகின்றனவா என்று அது பார்க்கும். நாங்கள் சோதித்த பெட்டி ஒன்றில், தேதியைக் கேட்டால் புதிய தேதி வந்தது. வாட்ச்டாக் செய்தியிலோ பழைய நேரமே தொடர்ந்தது. விளக்குகளை இயக்கும் பலகைக்கு ஒரு கடிகாரமும், தொடர்புப் பலகைக்குத் தனியாக இன்னொரு கடிகாரமும் இருந்ததும், கட்டளை முதலாவதை மட்டுமே எட்டியதும் பிறகு தெரியவந்தன. கையால் நடத்தும் ஏற்புச் சோதனையில் இதை யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். ஒரு விபத்துக்குப் பிறகு அலாரப் பதிவையும் சிக்னல் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நாளில்தான், ஒரே நிகழ்வுக்கு இரண்டு நேரங்கள் இருப்பது வெளிப்பட்டிருக்கும்.

தோல்விச் செய்திகளின் தரம் சீராக இல்லை. சில இடங்களில் எந்தப் புலத்தில் எந்த மதிப்பு தவறு என்று தெளிவாகச் சொல்லும் கருவி, வேறு சில இடங்களில் நேரம் கடந்தது என்று மட்டும் சொல்லி நின்றுவிடுகிறது. பெட்டி பதில் தரவில்லையா, தந்த பதில் எதிர்பார்த்ததோடு பொருந்தவில்லையா என்பதை நாமே பதிவைத் தோண்டி அறிய வேண்டும். அலாரச் சோதனைகளுக்கும் ஒரு முன்னேற்பாடு வேண்டும்: குறிப்பிட்ட உள்ளீட்டை வலிந்து இயக்கினால் குறிப்பிட்ட அலாரம் எழும்படி பெட்டியை முன்கூட்டியே நிரல்படுத்தியிருக்க வேண்டும். அதைச் செய்யாதவர்கள் அந்தச் சோதனைகளை நடத்தாமலே ஓசையின்றி விட்டுவிடுகிறார்கள். அறிக்கையில் தேர்ச்சியைக் காட்டும் பச்சை நிறம் மட்டும் மிஞ்சுகிறது.

கருவியின் எல்லையையும் அறிந்திருப்பது நல்லது. ஒன்றோடொன்று மோதும் இரு திசைகளுக்கு ஒரே நேரத்தில் பச்சை விழாமல் காப்பது இதன் வேலை அன்று. அந்தப் பாதுகாப்புத் தேவைகளுக்கு ஐரோப்பாவில் இஎன் 12675 என்ற தனித் தரநிலை இருக்கிறது. இதில் தேறிய பெட்டி பாதுகாப்பானது என்று விற்பனையாளர் சொன்னால், கேள்வியை மாற்றிப் பதில் சொல்கிறார் என்று பொருள்.

மைய மென்பொருளைச் சோதிக்க, கருவியே சிக்னல் பெட்டியாக வேடமிடும் வசதியும் உண்டு. அந்தப் பக்கத்துச் சோதனைகள் பெட்டிப் பக்கத்தை நோக்க மெலிந்தவையாகவே எனக்குத் தோன்றின.

இத்தனை குறைகளோடும் கொள்முதல் செய்யும் நகராட்சிகளுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். வாங்குபவரும் விற்பவரும் ஒரே சோதனையைத் தத்தம் இடத்திலேயே ஓட்டிப் பார்க்கலாம் என்பதால், பாதி வாக்குவாதம் கூட்டத்துக்கு வருமுன்பே தீர்ந்துவிடுகிறது. ஒப்பந்தத்தில் மட்டும் 'தேர்ச்சி பெற வேண்டும்' என்று மொட்டையாக எழுதாமல், நெறிமுறையின் எந்தப் பதிப்பு, கருவியின் எந்தப் பதிப்பு, எந்தச் சோதனைகள் நடத்தப்படாமல் விடப்பட்டன என்பதையும், பயன்படுத்திய அமைவுக் கோப்பையும் அறிக்கையோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.