வேனுக்கு ஏசி: இன்ஜினை அணைத்த பிறகு எது ஓடும்?

வீடு தண்டையார்பேட்டை. பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு நான்கு பேர் படுக்கக் கட்டில், ஒரு சிங்க், இரண்டு ஃபேன் என்று போட்டு வைத்திருக்கிறோம். போன வருஷம் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு, ஆகஸ்ட் 29 அன்று, அதில்தான் போனோம். பகலெல்லாம் வெயில் குடித்த தகரம் ராத்திரி முழுக்க அதை எங்கள் மேல் கக்கியது. ஜன்னலைத் திறந்தால் கொசு, மூடினால் வேர்வை. திரும்பி வரும்போதே ஏசி போடுவது என்று முடிவாகிவிட்டது. எந்த ஏசி என்பதில்தான் சண்டை.

ஏர் கூலர் போதாதா என்று வீட்டில் கேட்டார்கள். போதாது. கூலர் குளிர்விப்பது தண்ணீர் ஆவியாவதால். காசிமேட்டிலும் வேளாங்கண்ணியிலும் காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும்போது தண்ணீர் எங்கே ஆவியாகும்? மெத்தைதான் நசநசக்கும்.

இன்ஜின் ஏசி

மாதவரத்தில் பாடி கட்டும் ஒருவர் இதைத்தான் சொன்னார். கம்ப்ரசர் இன்ஜின் பெல்ட்டில் சுற்றும். ஓடும்போது இதற்கு ஈடு கிடையாது. மேடு பள்ளத்துக்கென்றே செய்த ரப்பர் ஹோஸ், எந்த ஊர் வண்டி ஏசி மெக்கானிக்குக்கும் தெரிந்த பாகங்கள். ஆனால் நாம் தூங்குவது வண்டி நிற்கும்போது. ராத்திரி முழுக்க இன்ஜினை ஓடவிட்டால் எங்கள் வண்டி மணிக்கு ஒரு லிட்டர் டீசலுக்குக் குறையாமல் குடிக்கிறது, ஐடிலில் குளிர்ச்சியும் பாதிதான். பக்கத்தில் படுத்திருக்கும் யாத்ரீகர்கள் சும்மா விடுவார்களா? பகல் பயணம் மட்டும் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வீட்டு ஸ்ப்ளிட்

“வீட்டு ஸ்ப்ளிட்டையே தூக்கி மாட்டிரலாம் மாமா” என்றான் மச்சான். விலையில் அவன் சொல்வது சரி. இருப்பதிலேயே மலிவு இதுதான். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி சுமார் 3.5 கிலோவாட் குளிர்ச்சி தரும், முழு ஓட்டத்தில் ஆயிரம் வாட் அளவுக்கு இழுக்கும், அறை குளிர்ந்ததும் முந்நூறு நானூறுக்கு இறங்கும். 15 ஆம்பியர் பிளக் கிடைக்கிற இடத்தில் சொர்க்கம்.

சிக்கல் செம்புக் குழாயில். சுவரில் அசையாமல் இருக்கவேண்டிய ஃப்ளேர் நட்டை, அதாவது குழாயை யூனிட்டோடு இணைக்கும் மரையை, கன்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட எண்ணூர் விரைவுச் சாலையில் தினமும் குலுக்கினால் என்ன ஆகும்? நண்பர் ஒருவரின் வண்டியில் இரண்டே மாதத்தில் கேஸ் காலி. வெளி யூனிட்டைப் பின்னால் தொங்கவிட்டால் உப்புக் காற்று அலுமினிய ஃபின்னைத் தின்றுவிடும். எங்கள் மொட்டைமாடி யூனிட்டே அப்படித்தான் போனது. விண்டோ ஏசியில் இணைப்பே கிடையாது, எல்லாம் ஒரே பெட்டிக்குள் என்பதால் இந்த ஒரு விஷயத்தில் அது ஸ்ப்ளிட்டைவிட மேல். ஆனால் அதற்குப் பின் கதவைத்தான் பலி கொடுக்கவேண்டும். அவசரத்துக்கு வெளியேற உள்ள வழியை நாற்பது ஐம்பது கிலோ இரும்பால் அடைக்க எனக்கு மனமில்லை.

பிளக் இல்லாத இடத்தில் ஜெனரேட்டர் வைக்கலாமே என்பார்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். இந்த யோசனையை வீட்டில் அன்றோடு மூடிவிட்டோம்.

12 வோல்ட் கூரை ஏசி

லாரிக்காரர்கள் பார்க்கிங் ஏசி என்பது இதுதான். கம்ப்ரசரே பேட்டரியில் ஓடும். எல்லாம் ஒரே பெட்டியாகக் கூரையில் உட்காரும், குழாய் இணைப்பு இல்லை. எங்களுக்குச் சொன்ன விலை ஸ்ப்ளிட்டைப்போல் இரண்டு பங்குக்கு மேல், பேட்டரி தனி. வெளிநாட்டு வீடியோக்களில் வரும் அமெரிக்கக் கூரை ஏசி 115 வோல்ட்டுக்குச் செய்தது. நம் ஊர் 230-ல் நேரே செருகினால் புகைதான் வரும்.

இனி கணக்கு. எங்கள் யூனிட் தொடக்கத்தில் 60 ஆம்பியர் இழுக்கும், குளிர்ந்தபின் சராசரி 40. எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு, 40-ஐ எட்டால் பெருக்கினால், 320 ஆம்பியர்-அவர் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு). லித்தியம் என்றால் 200 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டு போதும். லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் சீக்கிரம் செத்துப்போகும் என்பதால், அதே வேலைக்கு 150-ல் ஐந்து வேண்டும். ஒவ்வொன்றும் ஐம்பது கிலோவுக்கு மேல்! லித்தியத்தை ஆல்டர்னேட்டரில் நேரே கட்டக்கூடாது, கிடைத்ததையெல்லாம் உறிஞ்சி ஆல்டர்னேட்டரைக் கருக்கிவிடும். நடுவில், கரண்டை அளவோடு விடும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். எங்களுடையது 40 ஆம்பியர். வேளாங்கண்ணிக்கு 320 கிலோமீட்டர் சொச்சம், சாப்பாட்டுக்கு நிறுத்தியதைக் கழித்து எட்டு மணி நேர ஓட்டம். அதாவது போய்ச் சேரும்போது ஒரு ராத்திரிக்கான கரண்ட் கையில் இருக்கும்.

குறையும் உண்டு. குளிர்ச்சி ஒரு டன்னில் முக்கால்வாசிகூட வராது. அதனால் ஏசி போடுவதற்கு முன்பே கூரை உட்புறம் முழுக்க வெப்பத்தைத் தடுக்கும் நைட்ரைல் ரப்பர் ஷீட் ஒட்டினோம், வெளியே வெள்ளை பெயின்ட், முன் கண்ணாடிக்குத் தடித்த திரை. எந்த ஏசி போட்டாலும் இது முதல் செலவு. கூரையில் ஓட்டை போடும் இடத்தில் ஐப்பசி மழை உள்ளே வராமல் பார்க்கவேண்டும். பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ், விரல் தடிமனில் கேபிள், இதில் கஞ்சத்தனம் கூடாது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி. விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. சீட்டைக் கழற்றும்போதே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

நாங்கள் போட்டது இதைத்தான். மச்சான் இன்னும் சமாதானமாகவில்லை. “ரெண்டாம் நாள் வண்டி ஓடாதே, அப்போ?” என்கிறான். நியாயமான கேள்வி. பிளக்கில் செருகிப் பேட்டரியை ஏற்றும் சார்ஜர் இழுப்பது அறுநூறு வாட்தான், சாதாரண 5 ஆம்பியர் பிளக்கே போதும், ஸ்ப்ளிட்டுக்கு அது ஆகாது என்றேன். மறுநாள் பாரிமுனையிலிருந்து முப்பது மீட்டர் ஒயர் வாங்கி வந்து, வண்டியில் கட்டிலுக்கடியில் சுருட்டி வைத்துவிட்டான்.