ஜோஹோ ஸ்கூலா, டெக்பீயா, இன்ஜினியரிங்கா? பிளஸ் டூ முடிச்ச பசங்களுக்கும் பெத்தவங்களுக்கும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோட எனக்கு வர்ற போன்ல பாதி இதான். "பையன ஜோஹோல சேத்துடலாமா, படிக்கும்போதே காசு குடுக்குறாங்களாமே, இல்ல அந்த எச்சிஎல் டெக்பீ நல்லதா, பேசாம இன்ஜினியரிங்கே போட்ருவோமா"ன்னு. ஜோஹோ ஸ்கூலும் டெக்பீயும், ஜோஹோ, எச்சிஎல்ங்கற ரெண்டு ஐடி கம்பெனிங்க பிளஸ் டூ முடிச்சவங்கள எடுத்து, தாங்களே கத்துக்குடுத்து வேலைக்கு வைக்குற திட்டங்க. மூணும் ஐடி வேலைக்குப் போற வழிதான், ஆனா மூணும் ஒண்ணு கிடையாது. எல்லாரும் மொதல்ல சம்பளத்தத்தான் கேக்குறாங்க. நான் பாக்குறது வேற ரெண்டு விஷயம்: கத்துக்குற காலத்துல செலவு யார் தலைல விழுது, நடுவுல ஒத்துவரலன்னு வெளிய வந்தா பிள்ளை கையில என்ன இருக்கும். இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சா முடிவு பாதி ஆயிடுச்சு.

மொதல்ல ஜோஹோ ஸ்கூல்ஸ் ஆஃப் லேர்னிங். கம்பெனிக்கு அட்வென்ட்நெட்னு பேர் இருந்த காலத்துலயே, 2005 வாக்குல, ஆறு பசங்களோட ஆரம்பிச்சது. இப்ப சென்னைலயும் தென்காசிலயும் நடக்குது. பீஸ் கிடையாது, மாசம் 10,000 ரூபா ஸ்டைபண்ட், சாப்பாடும் அங்கயே. மொத்தம் ரெண்டு வருஷம், அதுல மொத வருஷம் கிளாஸ், ரெண்டாவது வருஷம் ஜோஹோவோட டீம்லயே இன்டர்ன்ஷிப், அதுக்கப்புறம் அங்கயே வேலை. கோடிங் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமில்ல, நுழைவுத் தேர்வுல கணக்கும் லாஜிக்கும்தான் கேக்குறாங்க, அப்புறம் இன்டர்வியூ. டெக்னாலஜி மட்டும்தான்னு நினைச்சுடாதீங்க, டிசைனுக்கும் பிசினஸுக்கும் தனித்தனி ஸ்கூல் இருக்கு, காமர்ஸ் படிச்ச பசங்க பல பேருக்கு இது தெரியவே தெரியாது.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது அந்த ரெண்டாவது வருஷம்தான். பதினெட்டு வயசுல ஒரு பிள்ளை, நிஜமா கஸ்டமர் பயன்படுத்துற சாப்ட்வேர்ல கை வைக்குது, பக், அதாவது பிழை, வந்தா எங்க உடையுதுன்னு தேடுது, தன் கோடை சீனியர் உக்காந்து படிச்சு "ஏன் இப்படி எழுதுன"ன்னு கேக்கறத எதிர்கொள்ளுது. காலேஜ்ல நாலு வருஷம் முடிச்சும் இது கிடைக்காத பிள்ளைங்க எவ்வளவோ பேர்.

ஆனா ஒண்ண நேராவே சொல்லிடணும், இதுல டிகிரி கிடையாது. ஜோஹோக்குள்ள இருக்கற வரைக்கும் அது ஒரு பிரச்சனையே இல்ல, வெளிய வரும்போதுதான் தெரியும். டிஎன்பிஎஸ்சி குரூப் 2, பேங்க் பிஓ இதெல்லாம் டிகிரி இல்லாம அப்ளை பண்ணவே முடியாது. நிறைய கம்பெனிங்க வேலைக்கு ஆள் எடுக்கற சாப்ட்வேர்லயே டிகிரி இல்லன்னா வடிகட்டிடுறாங்க. அமெரிக்கா ஆசை இருந்தா இன்னும் கஷ்டம், அங்க ஐடி வேலைக்குப் போறவங்க வாங்குற எச்1பி விசாவுக்கு பேச்சுலர் டிகிரியோ அதுக்குச் சமமான அனுபவமோ வேணும், அந்தக் கணக்குல காலேஜ்ல ஒரு வருஷத்துக்கு வேலைல மூணு வருஷம், அதாவது நாலு வருஷ டிகிரிக்கு ஈடா பன்னெண்டு வருஷ அனுபவம் காட்டணும். அதனால ஜோஹோ ஸ்கூல் போற பிள்ளைங்க கூடவே ஒரு டிகிரியத் தொடங்கிடணும்னு நான் அடிச்சுச் சொல்வேன். ஐஐடி மெட்ராஸ் 2020ல தொடங்குன ஆன்லைன் டேட்டா சயின்ஸ் கோர்ஸ் இதுக்கு நல்ல பொருத்தம், ஜேஇஇ தேவையில்ல, அவங்களே ஒரு தகுதிச் சுற்று வச்சு எடுக்குறாங்க, குடும்ப வருமானத்தப் பொறுத்து பீஸ் சலுகையும் உண்டு. பாடம் லேசு கிடையாது, வேலையோட சேத்துப் படிச்சா இழுக்கும், இருந்தாலும் பரவால்ல. அது முடியலன்னா தொலைதூரக் கல்வில ஒரு பிசிஏவாவது.

அடுத்தது எச்சிஎல் டெக்பீ. 2017ல வந்தது. ஐடி வேலைக்கு எடுக்கணும்னா பிளஸ் டூல கணக்கோ பிசினஸ் மேத்ஸோ படிச்சிருக்கணும். ஒரு வருஷம் ட்ரெய்னிங், அதுல கிளாஸ் பாதி, இன்டர்ன்ஷிப் பாதி, முடிஞ்சதும் எச்சிஎல்லயே வேலை. நம்ம அரசுப் பள்ளிகள்லயும் இதுக்கு ஆள் தேர்வு நடந்திருக்கு. ஜோஹோல இல்லாதது இங்க இருக்கு, வேலை பாத்துக்கிட்டே பிட்ஸ் பிலானி, சாஸ்த்ரா மாதிரி இடங்கள்ல டிகிரி படிக்கலாம். ஜோஹோல இருக்கறது இங்க இல்ல, ட்ரெய்னிங்குக்கு பீஸ் உண்டு. பேங்க் லோன் போட்டு, வேலைக்கு வந்தப்புறம் சம்பளத்துலேர்ந்து இஎம்ஐ கட்டுற மாதிரி ஏற்பாடு இருக்குங்கறது உண்மைதான், ஆனா ஆரம்ப சம்பளமே வருஷத்துக்கு ரெண்டு லட்சத்த ஒட்டித்தான், அதுல இஎம்ஐ போக ஊரு விட்டு ஊரு வந்து ரூம் எடுத்துத் தங்குனா மிச்சம் என்ன நிக்கும்னு பேப்பர்ல போட்டுப் பாத்துட்டு கையெழுத்துப் போடுங்க. மதுரைல எச்சிஎல் ஆபீஸ் இருக்கறதால தெக்கத்திப் பிள்ளைங்களுக்கு அங்கயே போஸ்டிங் கிடைச்சா கணக்கே மாறிடும். இன்னொண்ணு, இது சர்வீஸ் கம்பெனி, அதாவது மத்த கம்பெனிங்களுக்கு வேலை செஞ்சு குடுக்கறது, எந்த ப்ராஜெக்ட்ல போடுறாங்கங்கறதப் பொறுத்து சில பேருக்கு டெவலப்மெண்ட் வரும், சில பேருக்கு சப்போர்ட் வேலையே பல வருஷம் போகும். பிராஸ்பெக்டஸ்ல பீஸ், விலகுனா என்ன விதிமுறைன்னு அந்த வருஷத்து பேப்பர வாங்கிப் படிங்க, போன வருஷம் சேந்தவங்க சொன்னத வச்சு முடிவு பண்ணாதீங்க.

இப்ப இன்ஜினியரிங். "நாலு வருஷம் தண்டச் செலவு"ன்னு ஒரு பேச்சு இப்ப ஓடுது, நான் அத ஒத்துக்கவே மாட்டேன். ஆறாம் வகுப்புலேர்ந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளில படிச்ச பிள்ளைக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீட்டுல சீட் கிடைச்சா டியூஷன் பீஸ், ஹாஸ்டல் பீஸ் எல்லாம் அரசாங்கம் கட்டுது. வீட்ல முதல் பட்டதாரின்னா அதுக்குத் தனிச் சலுகை. இது தெரியாம எத்தனையோ குடும்பம் "காசில்ல, அதனால ஜோஹோ"ன்னு முடிவு பண்றத பாக்கும்போது மனசு கஷ்டமா இருக்கு. ஜோஹோக்கு ஆசைப்பட்டுப் போகட்டும், வேற வழி இல்லன்னு நினைச்சுப் போக வேணாம்.

இன்ஜினியரிங்ல உள்ள நிஜமான ஆபத்து வேற, நாலு வருஷமும் யாரும் உங்கள வேலை செய்ய வைக்க மாட்டாங்க. கேம்பஸ்ல டிசிஎஸ் கம்பெனியோட ஆரம்ப நிலை வேலையான நிஞ்சா மாதிரி ஆஃபர் வந்தா வருஷத்துக்கு 3.36 லட்சம், அந்த லெவல் சம்பளம் பத்து வருஷத்துக்கு மேல பெருசா ஏறவே இல்ல. 2022ல ஆஃபர் வாங்குன பிள்ளைங்கள்ல சில பேர் ரெண்டு வருஷம் வரைக்கும் ஜாயினிங் தேதிக்காகக் காத்துக்கிட்டு இருந்தாங்க. ஆக மூணாவது வருஷ லீவுல என்ன இன்டர்ன்ஷிப் பண்றீங்கங்கறதுதான் இங்க தலையெழுத்த மாத்துது.

அதுலதான் ஏமாத்து வேலை ஜாஸ்தி. எங்க வீட்டுப் பொண்ணு ஒருத்திக்கு வாட்ஸ்அப்ல ஆஃபர் லெட்டர் வந்துச்சு, இன்டர்வியூ இல்ல, டெஸ்ட் இல்ல, "வாழ்த்துகள், நீங்க தேர்வாகிட்டீங்க". திறந்து பாத்தா நாலு டாஸ்க், கால்குலேட்டர், டு-டூ லிஸ்ட், போர்ட்ஃபோலியோ பேஜ், லாகின் ஃபார்ம். முடிச்சு கம்பெனிய டேக் பண்ணி லிங்க்ட்இன்ல போஸ்ட் போடணும், சர்டிபிகேட்டுக்கு காசு கட்டணும். ஒருத்தரும் அவ கோடப் படிக்கல. இதப் போய் இன்டர்ன்ஷிப்னு ரெஸ்யூமேல போட்டா இன்டர்வியூ எடுக்கறவங்க முதல் கேள்விலயே கண்டுபுடிச்சுடுவாங்க. நீங்க காசு கட்டுனா அது கோர்ஸ், அவங்க உங்களுக்குக் கட்டுனாத்தான் இன்டர்ன்ஷிப், அந்தக் கோட்ட மட்டும் மறந்துடாதீங்க. கூகுள், மைக்ரோசாப்ட், அமேசான் இன்டர்ன்ஷிப் எல்லாம் அருமைதான், ஆனா அவங்க கேம்பஸ்க்கு வர்ற காலேஜ் குறைச்சல். அத விட கைக்கு எட்டுறது கூகுள் சம்மர் ஆஃப் கோட், 2005லேர்ந்து நடக்குது, எந்தக் காலேஜ்னு பாக்கறதில்ல, கோட் எல்லாருக்கும் திறந்து கிடக்குற ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்ல வேலை செஞ்சா ஸ்டைபண்ட் வரும், உங்க கோட் உலகத்துக்கே தெரியற மாதிரி கிடக்கும்.

இன்ஜினியரிங் முடிச்சப்புறமும் ஜோஹோக்குப் போகலாம், அந்தக் கதவு மூடலயே. அவங்க அட்வான்ஸ்டு ப்ரோக்ராமிங் ரவுண்ட்ல ரயில்வே டிக்கெட் புக்கிங் மாதிரி ஒண்ண முழுசா எழுதச் சொல்லுவாங்க, பெர்த் முடிஞ்சா ஆர்ஏசி, அதுவும் முடிஞ்சா வெயிட்டிங் லிஸ்ட், ஒருத்தர் கேன்சல் பண்ணா வரிசை தானா நகரணும். மனப்பாடம் இங்க வேலைக்காகாது.

என்கிட்ட கேட்டா, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா நேரம் போறதே தெரியாத பிள்ளை, வீட்ல உடனே வருமானம் வேணும்னா, ஜோஹோ ஸ்கூல், கூடவே ஒரு டிகிரி. என்ன புடிக்கும்னே இன்னும் தெரியாத பிள்ளைக்கு நல்ல அரசு காலேஜோ அரசு உதவிபெறும் காலேஜோ கிடைச்சா இன்ஜினியரிங், பதினேழு வயசுல தெரியலங்கறது தப்பே இல்ல. டெக்பீ எனக்கு மூணாவதுதான், ஆனா வேலைக்கும் போகணும் டிகிரியும் கைல வேணும், ஜோஹோ தேர்வுல வரலங்கற குடும்பத்துக்கு அது கௌரவமான வழி.

ஒண்ணுக்கு அப்ளை பண்ணா இன்னொண்ணு போயிடும்னு பயப்பட வேணாம். ஜோஹோ, டெக்பீ ரெண்டு தேர்வும் எழுதிட்டு இன்ஜினியரிங் சீட்டுக்கான டிஎன்இஏ கவுன்சிலிங்லயும் பதிஞ்சு வச்சுக்கலாம். முதல்ல எது வருதோ அதுல ஒரிஜினல் மார்க்ஷீட்டையும் டிசியையும் குடுத்துட்டு மாட்டிக்காதீங்க, எல்லா ரிசல்ட்டும் கைக்கு வர்ற வரைக்கும் ஜெராக்ஸ் மட்டும் குடுங்க, கட்டாயம் ஒரிஜினல் வேணும்னு கேட்டா திருப்பித் தர்ற தேதிய எழுதி வாங்கிக்கோங்க.