ரெண்டு வருஷமாக வெட்டிக்கொண்டிருக்கிறேன்: ஸ்பீக்கிங் ஆக்டிவிட்டி அட்டைகளும் நானும்

லேமினேட்டர் நேற்றுதான் ரிப்பேரிலிருந்து வந்தது. 450 ரூபாய். உருளையில் சுற்றிக்கொண்டிருந்த தாளைக் கடைக்காரர் சுரண்டி எடுத்து, பத்திரமாக ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். தப்பு என்னுடையதுதான். தாளை உள்ளே வைக்கிற பிளாஸ்டிக் பவுச்சில் மூடியிருக்கிற பக்கம்தான் முதலில் உள்ளே போக வேண்டும். ராத்திரி பதினோரு மணித் தூக்கக் கலக்கத்தில் திறந்த பக்கத்தை விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால் தேவகோட்டைத் தோழியின் வாட்ஸ்அப். "நீ வச்சிருக்க ஸ்பீக்கிங் செட்டு 349க்கு வந்திருச்சுடி, வாங்கவா?"

நான் 899 கொடுத்தேன். கீழே கொஞ்சம் காரம் தூக்கலாக இருந்தால் காரணம் இதுதான்.

பிள்ளைகளை இங்கிலீஷில் பேசவைக்கிற இந்த மாதிரி செட்டில் என்ன இருக்கும் என்று இங்கிலீஷ் எடுக்கிற எல்லோருக்கும் தெரியும். கேள்வி அட்டை, வித்தியாசம் கண்டுபிடிக்கிற படம், 'இது யாருக்குத் தெரியும்' என்று வகுப்பைச் சுற்றி ஆள் தேடுகிற தாள், ஒட்டிச் செய்கிற டைஸ். டவுன்லோடு செய், பிரிண்ட் எடு, வெட்டு, பிள்ளைகள் பேசும் என்கிறார்கள். 'வெட்டு' என்கிற அந்த ஒற்றை வார்த்தைக்குள் என் ரெண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் கிடக்கின்றன.

முதல் வில்லங்கம் தாளிலேயே ஆரம்பித்தது. ஃபைல் போட்டவர் அமெரிக்கக்காரர். அவர்கள் ஊர் லெட்டர் சைஸ் 216க்கு 279 மில்லிமீட்டர். நம் ஏ4 அகலத்தில் 6 மில்லிமீட்டர் குறைவு, நீளத்தில் 18 மில்லிமீட்டர் கூடுதல். அப்படியே அடித்தால் ரெண்டு ஓரமும் போய்விடும். பிரிண்ட் செட்டிங்கில் 'ஃபிட்' போட்டால் சுருங்கும். சுருங்கினால் பரவாயில்லை, முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை என்று ரெண்டு பக்கமும் அடிக்கிறபோது வெட்டுக்கோடு ஒன்றோடொன்று பொருந்தாமல் நகர்ந்துவிடுகிறது. முன்னால் பார்த்து வெட்டினால் பின்னால் பக்கத்து அட்டையின் விடை எட்டிப் பார்க்கிறது. காரைக்குடியில் நான் வழக்கமாகப் போகும் ஜெராக்ஸ் கடைப் பையன் என்னைப் பார்த்ததுமே "டீச்சர், இன்னைக்கும் லெட்டரா?" என்பான்.

36 பிள்ளைகள், நாலு பேருக்கு ஒரு குழு, ஒன்பது குழு. செட்டுக்கு 32 அட்டை. மொத்தம் 288. முழுத்தாளை லேமினேட் செய்துவிட்டு வெட்டினால் ஓரம் திறந்துகொள்ளும். கடைசி பெஞ்சில் ஒருத்தன் நகத்தை விட்டு உரித்துக்கொண்டே இருப்பான், வாழைப்பழத் தோல் மாதிரி. முதலில் வெட்டி, இடைவெளி விட்டு அடுக்கி, லேமினேட் செய்து, மூன்று மில்லிமீட்டர் விளிம்பு விட்டு மறுபடி வெட்டினால் உரியாது. ஆனால் அது ரெண்டு தடவை வெட்டு. அரசுப் பள்ளிகளில் அட்டைகளை வைத்துப் படிக்கிற செயல்வழிக் கற்றல் நடந்த காலத்தில் அட்டைகள் வெட்டியே வந்து சேர்ந்தன. அப்போது அட்டைத் தட்டுகளை அடுக்கவே அலுத்துக்கொண்ட வாய் இது.

டைஸைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கெட்டி அட்டையில் அடித்து, மடித்து, காதுகளில் பசை தடவி, காயும்வரை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன், ஒன்பது டைஸுக்கும். முதல் பீரியடில் மூன்றாவது சுற்றிலேயே சப்பளிந்துவிட்டது. சப்பளிந்த டைஸ் உருளாது, பொத்தென்று உட்காரும். எந்தப் பக்கம் உட்கார வைக்கலாம் என்று பிள்ளைகள் அரை நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

கோபத்தில் மறுநாள் அப்பத்தாவின் பித்தளைத் தாயக்கட்டையை எடுத்துப் போனேன். ஒரே ஜோடி. "உங்க வீட்ல இருக்கா?" என்று கேட்டதற்கு அடுத்த நாள் ஏழு ஜோடி வந்தது. பாக்கி ஒரு குழுவுக்குப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிக் கொடுத்தேன்.

தாயக்கட்டையில் ஒன்று, ரெண்டு, மூன்று, பிறகு ஒரு வெறும் முகம். ரெண்டு வெறும் முகமும் சேர்ந்து விழுந்தால் பன்னிரண்டு. ரெண்டு கட்டையும் கூட்டி எந்த எண் விழுகிறதோ அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அட்டையில் ஆறு கேள்விதான் இருந்தது. அதனால் பன்னிரண்டு விழுந்தால் டீச்சரையே எந்தக் கேள்வியும் கேட்கலாம் என்று வைத்தேன். தாயம், அஞ்சு, ஆறு, பன்னிரண்டுக்கு மறு ஆட்டம் என்பதைப் பிள்ளைகளே சேர்த்துக்கொண்டார்கள். நான் மறுத்தால் கேட்கவா போகிறார்கள்? சிமெண்ட் தரையில் எட்டுக் குழுவின் கட்டையும் உருண்ட சத்தத்தில் ஹெச்.எம். வந்து எட்டிப் பார்த்தார். "என்ன டீச்சர், தாயம் ஆடுறீங்களா?" "ஸ்பீக்கிங் சார்," என்றேன்.

நான் யோசிக்காத ஒன்று அங்கேதான் நடந்தது. கட்டை எல்லா எண்ணையும் ஒரே மாதிரி தராது. விழக்கூடிய பதினாறு வகையில் மூன்று மட்டும் நாலு வகையில் விழும். ஆறு ஒரே வகைதான். ஆக, மூன்றாம் கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. அன்றைக்கு மூன்றாம் கேள்வி "வாட் டூ யூ டூ ஆன் சண்டேஸ்?" ஆத்தங்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன், வாயே திறக்காதவன். முதல் தடவை "ஐ வாட்ச் டிவி." ரெண்டாம் தடவையும் மூன்றே விழுந்தது. "ஐ ஸ்லீப்." மூன்றாம் தடவை "ஐ கோ குன்றக்குடி." நாலாம் தடவை குழு விடவில்லை, சொன்னதையே சொல்லக் கூடாதாம். கொஞ்சம் முழித்தான். பிறகு "ஐ ஹெல்ப் மை அப்பா. டைல் ஒர்க்" என்று ஆத்தங்குடித் தரை டைல் செய்கிற விதத்தை ஆரம்பித்தான். "ஃபர்ஸ்ட் கிளாஸ். கிளாஸ் மேல... ஆன் கிளாஸ், கலர். தென் சேண்ட், சிமெண்ட். தென் வாட்டர். கிளாஸ் கம்ஸ், ஷைனிங்!" கையால் கண்ணாடி மேல் அச்சை வைத்து, சாயம் ஊற்றி, கலவை அமுக்கி, தொட்டியில் முக்கிக் காட்டினான். இலக்கணம் என்று பார்த்தால் பாதிக்கு மேல் தேறாது. ஆனால் அவன் நிறுத்தவில்லை. பக்கத்துக் குழுவில் கட்டை உருட்டுவதை நிறுத்திவிட்டார்கள். சீரான டைஸாக இருந்திருந்தால் அவன் டிவியோடு தப்பித்திருப்பான். அன்றிலிருந்து எது கஷ்டமான கேள்வியோ அதை மூன்றாம் இடத்தில் வைக்கிறேன்.

ஆள் தேடுகிற தாளும் நல்லதுதான், கேள்வியை மாற்றினால். "கேன் யூ ஸ்கீ?" என்று கேட்டால் 36 பேரும் "நோ", ஆட்டம் முடிந்தது. "கேன் யூ மேக் எ கொட்டான்?" என்று எங்கள் ஊர்ப் பனையோலைக் கூடைக்கு மாற்றியபோது ஒரு பெண் "ஐ கேனாட், பட் மை ஆயா கேன்" என்று பாட்டியைச் சொன்னாள். அந்த "பட்" தாளில் எங்கேயும் இல்லை. படம் பார்த்து வித்தியாசம் சொல்வதும் ஓடுகிறது, பனிமனிதன் படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு.

ஒரு தடவை பன்னிரண்டு போட்ட பிள்ளை என்னிடம் கேட்டது: "டீச்சர், வொய் யூ ஆல்வேஸ் கட்டிங் பேப்பர்?"

ஆகவே, தோழி, வாங்காதே. 349க்கும் வேண்டாம், சும்மா கொடுத்தாலும் வேண்டாம். என் ஃபைலை அனுப்பச் சொல்லாதே, ஒரு ஆசிரியருக்கு மட்டும் என்று அதில் போட்டிருக்கிறது. வெட்டின அட்டைகளை வியாழக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துப் போய் ஒரு வகுப்பில் பார். தாயக்கட்டையை உன் வீட்டிலிருந்து கொண்டு போய்க்கொள், அப்பத்தாவுடையதைத் தர மாட்டேன். திங்கட்கிழமை காலையில் எல்லாம் என் மேஜைக்குத் திரும்பி வந்தாக வேண்டும், ரெண்டாவது பீரியட் எனக்கு அதுதான். ஏழாவது செட்டில் ஒரு அட்டை இருக்காது, தேடாதே. அது லேமினேட்டர் கடைக்காரர் கொடுத்த கவரில் இருக்கிறது.