மிஷின் முதலிலா, பேச்சு முதலிலா?

மன்னார்குடிப் பக்கம் அறுப்புக்கூலியில் வளர்ந்த வீடு எங்களுடையது. எனக்கு வேலை கிடைத்தது கும்பகோணத்தில், ஒரு வங்கிக் கிளையில். புது மிஷின் வந்து வேலையைப் புரட்டிப்போட்டதை இரண்டு இடத்திலும் பார்த்திருக்கிறேன். மிஷின் வருமுன்பே வேலை செய்கிறவர்களோடு பேசி முடிவெடுக்க வேண்டுமா, வந்த பிறகு பேசினால் போதுமா என்பதுதான் கேள்வி.

வங்கியில் பேச்சு முதலில் நடந்தது. 1983இல் வங்கி நிர்வாகங்களின் அமைப்பான இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் கம்ப்யூட்டர் ஒப்பந்தம் போட்டன. எந்த மிஷின், எந்த அளவுக்கு, இயக்குகிறவருக்கு என்ன சிறப்புப் படி என்பதெல்லாம் எழுத்தில் வந்தது. பேரேட்டில் கையால் எழுதிய கணக்கைப் பதியும் லெட்ஜர் போஸ்டிங் மிஷின் எங்கள் கிளைக்கு வந்தபோது யாருக்கும் வேலை போகவில்லை. பயிற்சியும் ஆபீஸ் நேரத்திலேயே, சம்பளத்தோடு.

ஆனால் சீனியாரிட்டிப்படி இரண்டு பேருக்குத்தான் அந்தப் பயிற்சி. மற்றவர்கள் பேரேட்டோடு நின்றுவிட்டோம். பின்னால் கிளை முழுக்கக் கம்ப்யூட்டர் ஆனபோது, ஐம்பது வயதுக்கு மேல் கீபோர்டில் எழுத்தைத் தேடித் திணறியவர்களைப் பார்க்க மனசு கஷ்டமாக இருந்தது. படி கேட்டுப் போராடிய அளவுக்கு, எல்லோருக்கும் பயிற்சி வேண்டும் என்று நாங்கள் போராடவில்லை.

வயலில் அறுவடை மிஷின்தான் முதலில் வந்தது. சேறு என்றால் பெல்ட் வண்டி, காய்ந்திருந்தால் டயர் வண்டி, மணிக்கணக்கில் வாடகை. அறுப்பு, கட்டு, தலைச்சுமை, களத்தில் கதிரடிப்பு எல்லாம் ஒரே ஓட்டத்தில் முடிந்துபோனது. இத்தனைக்கும் சங்கம் இல்லாத மண்ணா இது? 1940களில் எங்கள் பக்கத்துக் களப்பாலில் விவசாயச் சங்கக் கொடி ஏற்றி, 1952இல் பண்ணையில் வேலை செய்கிறவர்களுக்கான பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கண்ட மண். எங்கள் ஊரிலும் மிஷினை மறித்தார்கள். அதில் நியாயம் இருந்தது; அறுப்புக்கூலியாக வரும் நெல்தான் பல வீடுகளில் மறு அறுப்பு வரைக்கும் சோறு.

ஆனால் யாரோடு ஒப்பந்தம் போடுவது? ஆட்குறைப்புக்கு வழிவைக்கும் மிஷின் என்றால் 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று 1947 தொழில் தகராறு சட்டம் சொன்னது. வங்கிக்கு ஒரு நிர்வாகம் உண்டு. வயலுக்கு ஊருக்கு நூறு பட்டாதாரர், மிஷின்காரர் வேறு ஆள். அந்த நோட்டீஸை யார் யாருக்குக் கொடுப்பது?

என்னைக் கேட்டால், பேச்சு முதலில் என்பதே சரி. வயலிலும் கூலியோடு சேர்த்து, 'ஓட்டுகிற ஆள் எங்கள் ஊர் ஆளாக இருக்கட்டும், கற்றுக்கொடு' என்று கேட்டிருக்க வேண்டும். இப்போதும் கேட்கலாம், வேளாண்மைப் பொறியியல் துறையே மிஷினை வாடகைக்கு விடுகிறது. பெண்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அறுப்பில் அதிகம் இழந்தது அவர்கள்தான்.

என் தங்கை மகன் இன்று பெல்ட் வண்டி ஓட்டுகிறான். ஆத்தூரிலிருந்து வந்த டிரைவர் பக்கத்தில் ஒரு சம்பா அறுப்பு முழுக்க உட்கார்ந்து கற்றுக்கொண்டான். அந்த மூன்று வாரமும் அவனுக்குக் கிடைத்தது டீயும் பரோட்டாவும் மட்டும்தான்.