யாருடைய காணிக்கும் எல்லையாகாத கோடுகள்

புத்தகத்தின் விலை 1,450 ரூபா. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு கடையில், பள்ளிக்கூடக் கொப்பிகளுக்கும் கடந்தகால வினாத்தாள் தொகுப்புகளுக்கும் நடுவே இருந்தது. கண்ணாடித்தாள் சுற்றியிருந்ததால் உள்ளே புரட்டிப் பார்க்க முடியவில்லை. அட்டையில் அலைகள், சுருள்கள், வட்டத்துக்குள் வட்டங்கள். நிறம் தீட்டினால் மனம் அமைதியடையும் என்று வாக்குறுதி வேறு. கூடவே பன்னிரண்டு நிறப் பேனைகள் கொண்ட ஒரு பெட்டி, 780 ரூபா. "பேரப்பிள்ளைக்கா ஐயா?" என்று கடைக்காரத் தம்பி கேட்டார். ஓம் என்று பொய் சொன்னேன்.

எனக்குத்தான் வாங்கினேன். வயது 66. முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு நில அளவையாளரிடம் படவரைஞராக இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அதன் பிறகு நித்திரை இல்லை. விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு, ஊர் நாய்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் மகள்தான், "அப்பா, இங்கே வேலை செய்கிற இடத்தில் பலர் கோட்டுச் சித்திரம் கீறுகிறார்கள், நிறம் தீட்டுகிறார்கள், மனம் அடங்குகிறதாம், நீங்களும் செய்து பாருங்கள்" என்றாள். வாழ்நாள் முழுக்கக் கோடு கீறியவனுக்கு இன்னும் கோடா என்று சிரித்தேன். மூன்று மாதமாகிறது. எது காசுக்குப் பெறும், எது பெறாது என்று இப்போது சொல்லலாம்.

புத்தகத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அறுபது பக்கங்கள், ஒவ்வொரு தாளிலும் இரண்டு பக்கமும் அச்சு. இதுதான் பெரிய பிழை. தாள் மெல்லியது. பேனையை வைத்த உடனே மை மறுபக்கத்துக்குப் போய்விடுகிறது. ஐந்தாம் பக்கத்துக்கு நிறம் தீட்டினால் ஆறாம் பக்கத்துக்கும் அரைவாசி தீட்டியதாகக் கணக்கு. பசை போட்டு ஒட்டிய கட்டு, நன்றாக விரித்து வைத்தால் முதுகு பிளந்து தாள்கள் கையோடு வருகின்றன. கோடுகள் முழுக் கறுப்பும் இல்லை; பழைய உருப்பெருக்கியை எடுத்துப் பார்த்தேன், புள்ளிபுள்ளியாகச் சாம்பல் நிறம். பதினான்காம் பக்கத்தில் ஒரு வட்டம் மூடவே இல்லை. நில அளவையில் ஒரு காணியைச் சுற்றி அளந்து வந்தால், தொடங்கிய புள்ளிக்கே திரும்பி எல்லை மூடவேண்டும். மூடாத படத்தை என் முதலாளி மேசையிலிருந்து தூக்கி எறிவார். இங்கே அதற்கும் சேர்த்து விலை வாங்கியிருக்கிறார்கள். முப்பத்தோராம் பக்கம் வேறொன்றுமில்லை, ஒன்பதாம் பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பியது. யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று நினைத்திருக்கிறார்கள்.

பன்னிரண்டு பேனைகளில் இரண்டு நீலமும் ஒரே நீலம். மஞ்சள் இரண்டாம் கிழமையே காய்ந்துவிட்டது. சித்திரை வெயிலில் உள்ளங்கை வியர்க்கும்போது, தீட்டி முடித்த இடத்தில் கை பட்டால் பச்சை சிவப்புக்குள் போய்ச் சேற்று நிறமாகிறது. பெட்டியைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டேன். அப்படியாவது கடையில் சொன்ன பொய் உண்மையாகட்டும்.

புத்தகத்தைக் காப்பாற்றியது சாதாரண நிறப் பென்சில்தான். மை ஊறும் தொல்லை இல்லை, வியர்வைக்கும் கரையாது, அழுத்திப் பிடித்தால் ஒரு நிறம், மெல்லப் பிடித்தால் இன்னொரு நிறம். பென்சிலோடு இருந்த இரவுகளில் மனம் அடங்கியது உண்மை. எந்தக் கட்டத்துக்கு எந்த நிறம் என்பதைத் தவிர வேறு யோசனை ஓடுவதில்லை. ஆனால் ஒரு மாதத்தில் அலுத்துவிட்டது. அடுத்தவன் போட்ட வேலிக்குள் மாடு கட்டுகிற வேலை.

சரி, வெறும் தாளில் நானே கீறலாம் என்று இறங்கினேன். கோடு போடாத ஒரு கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் இருந்தேன். ஒரு கோடு வரவில்லை. அளவு இல்லை, நிலத்தில் அளந்து எழுதிய புலக்குறிப்பு இல்லை, எங்கே தொடங்குவது? மார்பு படபடவென்று அடித்ததுதான் மிச்சம். இதை மகளிடம் சொன்னபோது அவள் ஓர் ஆய்வைப் பற்றி வாசித்துக் காட்டினாள். 2005 இல் அமெரிக்காவில் கறி, காசர் என்ற இரண்டு பேர் 84 மாணவர்களுக்கு முதலில் பதற்றத்தை உண்டாக்கிவிட்டுப் பிறகு நிறம் தீட்ட விட்டிருக்கிறார்கள். மண்டலம் எனப்படும் வட்ட வடிவச் சித்திரத்துக்கோ கட்டம்போட்ட வடிவத்துக்கோ தீட்டியவர்களின் பதற்றம் நன்றாகக் குறைந்தது. வெறும் தாள் கொடுக்கப்பட்டவர்களுக்கு அந்த அளவு குறையவில்லை. எனக்கு ஆய்வு தேவைப்படவில்லை, கொப்பியே சொல்லிவிட்டது. ஆனாலும் கோளாறு என்னில் மட்டும் இல்லை என்பது ஆறுதல்.

வெறும் தாளுக்கும் அச்சடித்த புத்தகத்துக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஸென்டாங்கிள் என்று பெயர். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ரிக் றொபேட்ஸ், மரியா தோமஸ் என்ற இருவர் உருவாக்கியது. மரியா எழுத்தோவியக் கலைஞர், ரிக் ஒரு காலத்தில் துறவியாக இருந்தவர். மூன்றரை அங்குலச் சதுர அட்டை ஒன்று. பென்சிலால் நான்கு மூலைக்கும் நான்கு புள்ளி. புள்ளிகளை இணைத்து ஒரு கரை. கரைக்குள் மனம் போனபடி ஒரு நூல்போலக் கோடு. அந்த நூல் அட்டையைப் பல துண்டுகளாகப் பிரித்துவிடும். பிறகு பேனையை எடுத்துத் துண்டுக்கு ஒரு வடிவமாக நிரப்பிக்கொண்டு போகவேண்டும். கடைசியில் பென்சிலால் நிழல். அழிறப்பர் கிடையாது.

நான்கு புள்ளியும் நான்கு எல்லையும் என்றதும் என் கை தானாக வேலை செய்யத் தொடங்கிவிட்டது. காணியைப் பிரித்துத் துண்டுபோடுவதுதானே நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் செய்தது! ஆனால் அழிறப்பர் இல்லை என்பதைப் பழக நாளெடுத்தது. எங்கள் காலத்தில் ட்ரேசிங் தாளில் மை பிழைத்தால் சவர பிளேட்டை எடுத்து மெல்லச் சுரண்டுவோம். தாள் கிழியாமல் சுரண்டத் தெரிந்தவனே படவரைஞன். இங்கே பிழைத்த கோட்டை விட்டுவிட்டு, அதே பிழையை இன்னும் நான்கு முறை செய்தால் அதுவே ஒரு வடிவமாகிவிடுகிறது. முதல்முறை அப்படிச் செய்தபோது ஏதோ கள்ளக் கையெழுத்துப் போட்டதுபோல இருந்தது.

பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்கள் கோலம்தானே, இதற்குக் கனடாவிலிருந்து ஆள் சொல்ல வேண்டுமா?" என்றார். அவரிடம் வாயைக் கொடுக்கவில்லை, இங்கே சொல்கிறேன்: அல்ல. கம்பிக் கோலத்தில் புள்ளிக் கணக்கு இருக்கிறது. ஒரு புள்ளியைச் சுற்ற மறந்தால் கோடு தொடங்கிய இடத்துக்கு வராது. பார்க்கிற எல்லாருக்கும் பிழை தெரியும். அது என் பழைய வேலைக்குச் சொந்தக்காரன். அட்டையில் கீறுவதற்குக் கணக்கே இல்லை. அதனால்தான் இரவு இரண்டு மணிக்கு இது உதவுகிறது, கோலம் உதவாது.

இனிப் பேனை. மகள் அனுப்பிய பொதியில் ஜப்பானின் சகுரா நிறுவனத்தின் பிக்மா மைக்ரோன் மூன்று இருந்தன. மூடியில் 005, 01, 05 என்று எண்கள்; கோட்டின் தடிப்பு முறையே 0.20, 0.25, 0.45 மில்லிமீற்றர். இதைப் பற்றி எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதுவேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் குழாய்முனைப் பேனைகள்தான். மை உறைந்துவிடும், கழற்றிக் கழுவவேண்டும், உள்ளே இருக்கும் மயிர்போன்ற கம்பி வளைந்தால் பேனை குப்பைக்கு. தொண்ணூறுகளில், மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் அந்தப் பேனைகளால் காணி உறுதிகளுக்குப் படம் கீறி என் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன். இதுவோ மூடியைக் கழற்றியதும் எழுதுகிறது. சகுரா 1982 இல் உண்டாக்கிய நிறமித் துகள் மை. காய்ந்தபின் தண்ணீர் பட்டாலும் ஓடாது. சோதித்துப் பார்க்கவென்றே ஓர் அட்டையில் தேநீரைச் சிந்தினேன். அட்டை பழுப்பானது, கோடு அசையவில்லை.

மூன்றில் 01 போதும். 0.25 மில்லிமீற்றர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் கீறிய காணிப் படத்தில் இந்தக் கோட்டின் தடிப்பு மட்டுமே நிலத்தில் 25 சென்ரிமீற்றர். ஒரு வேலிக் கதியால் நடுவதற்குத் தாராளமான இடம். அந்த 25 சென்ரிமீற்றருக்காக அண்ணனும் தம்பியும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர்க் காணி அளவில் ஒரு பரப்பு என்பது பத்துப் பேர்ச். அதில் ஒரு கோட்டின் தடிப்புக்கு இரண்டு குடும்பங்கள் செத்த வீட்டுக்கும் போவதில்லை. என் கோடு யாருடைய பக்கம் சாய்ந்தது என்று இரவில் யோசித்துக் கிடந்த நாட்களும் உண்டு. இப்போது அதே தடிப்பில் அலை கீறுகிறேன், மீன்செதில் கீறுகிறேன். கோட்டின் இந்தப் பக்கமும் யாருக்கும் சொந்தமில்லை, அந்தப் பக்கமும் இல்லை.

ஓர் எச்சரிக்கை. முனை மிக மெல்லியது, குமிழ்முனைப் பேனைபோல அழுத்தக்கூடாது. பேத்தி 005 ஐ ஒரே பின்னேரத்தில் உள்ளே அமுக்கிவிட்டாள். அதில் பேனையைக் குறைசொல்ல முடியாது. எட்டு வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்தவனைத்தான் சொல்லவேண்டும்.

அட்டையை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கத் தேவையில்லை. நகரத்தில் எத்தனையோ அச்சகங்கள் கலியாண அழைப்பிதழ் அடிக்கின்றன. தடித்த அட்டையின் வெட்டுத்துண்டுகள் மூலையில் குவிந்து கிடக்கும். எனக்குத் தெரிந்த அச்சகத்தில் கேட்டேன். வெட்டும் இயந்திரத்தில் ஒன்பது சென்ரிமீற்றர் சதுரமாக நூறு துண்டு வெட்டித் தந்தார்கள். முந்நூறு ரூபா கொடுத்தேன், தேநீருக்கு என்று வாங்கிக்கொண்டார்கள். வழுவழுப்பான அட்டையை மட்டும் வாங்காதீர்கள், மை காய முன்னர் இழுபடும். சொரசொரப்பு கொஞ்சம் இருக்கவேண்டும். மாரி காலத்தில் அட்டைகளைப் பிஸ்கற் தகரத்துக்குள் வைத்து மூடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் குடித்துக் கோட்டின் ஓரம் பிசிறும்.

நித்திரை திரும்பியதா என்று கேட்பீர்கள். இரண்டு மணிக்கு இன்னும் விழிப்பு வருகிறது. ஓர் அட்டை முடிய முக்கால் மணி நேரம் ஆகும், அதன் பிறகு பல நாட்கள் படுத்தால் கண் சொருகுகிறது. சில நாட்கள் இல்லை. பகலிலும் ஒரு பயன் கண்டேன்: வானொலியில் மரண அறிவித்தல் போகும்போது கீறிக்கொண்டிருந்தால் பெயரும் கிரியை நேரமும் மயானமும் மறப்பதில்லை. முன்பெல்லாம் மனைவி கேட்டால் முழிப்பேன். இதற்கும் ஆய்வு இருக்கிறதாம். இங்கிலாந்தில் ஜக்கி அன்ட்ரேட் என்பவர் 40 பேருக்கு அலுப்பான தொலைபேசிச் செய்தி ஒன்றைக் கேட்கவைத்தாராம். தாளிலுள்ள வடிவங்களுக்குள் பென்சிலால் நிரப்பிக்கொண்டே கேட்டவர்கள் மற்றவர்களைவிட 29 வீதம் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். மரண அறிவித்தலை அலுப்பான செய்தி என்று சொன்னதாக மாமியிடம் யாரும் போய்ச் சொல்லவேண்டாம்.

ஆகவே புத்தகம் வேண்டாம், நிறப் பேனைப் பெட்டி நிச்சயமாக வேண்டாம். ஒரு 01, ஒரு பென்சில், அச்சகத்து வெட்டுத்துண்டு. மகளிடம் இன்னும் இரண்டு 01 கேட்டிருக்கிறேன்.

போன வியாழக்கிழமை இரவு ஓர் அட்டை முடிகிற நேரத்தில், கை பழக்கத்தில் மேல் மூலையில் வடக்கு அம்பு ஒன்றைப் போட்டுவிட்டது. மை. அழிக்க முடியாது, பிளேட்டால் சுரண்டினால் அட்டை கிழியும். அம்பைச் சுற்றிச் செதில் செதிலாகக் கீறி மூடினேன். காலையில் பேத்தி பார்த்துவிட்டு, "அம்மப்பா, இந்த மீன் எங்கே போகிறது?" என்று கேட்டாள்.

பருத்தித்துறைப் பக்கம் என்றேன்.